கீழ்வீட்டிலிருந்து வந்த சாட்சி

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, டெல்லியில் ஒரு டிசம்பர் காலை. கரோல் பாகில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் கதவை யாரோ தட்டினார்கள். பனி அப்போதுதான் மொட்டைமாடியை விட்டு மெல்ல எழுந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சுவர் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றது. பால்காரராக இருக்கும் என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்த் திறந்தேன். கையில் ஃபைலோடு ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர், அவருக்கும் பின்னால் கனமான பையோடு பூட்டு உடைக்கிறவர்.

ஃபைல் வைத்திருந்தவர் கோர்ட் அமீனா. வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க உத்தரவு வந்திருக்கிறது, சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அமைதியாக இந்தியில் சொன்னார். அந்த அமைதிதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. உள்ளே என் மகள் பிளஸ் டூ பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. கனவில் நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் நம் வீட்டுக்குள் வந்து நிற்பார்களே, அப்படி இருந்தது.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கீழே வீட்டுக்காரர் குடும்பம். மேலே இரண்டு அறைகளும் ஒரு திறந்த மொட்டைமாடியும். டெல்லிக்காரர்கள் இதைப் பர்சாத்தி என்பார்கள். மொட்டைமாடியின் நடுவில் தரையோடு பதித்த ஒரு இரும்புக் கம்பிச் சட்டம் உண்டு. அதன் வழியாகத்தான் கீழ்வீட்டு முற்றத்துக்கு வெளிச்சமும் காற்றும் போகும். குளிர்காலத்தில் மத்தியான வெயில் அந்தக் கம்பிகளுக்கிடையில் இறங்கி, கீழே தரையில் கோடு கோடாகக் கிடக்கும். கீழே சீரகம் தாளித்தால் மேலே மணக்கும். நான் மேலே பாடினால் கீழே கேட்கும். இரண்டு குடும்பங்களும் ஒரே மூச்சை விட்டு வாங்கிக்கொண்டிருந்த வீடு அது.

முதலில் அந்த மாடியில் இருந்தவர் நாகர்கோவில்காரர் ஒருவர். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. என் கணவருக்கு ஊர்ப்பக்கத்து உறவு, நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். மிகப் பழைய வாடகைதாரர். ஊரில் அவருடைய தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போக, பார்த்துக்கொள்ளக் கிளம்பினார். வீட்டை விட்டுவிட மனமில்லை. டெல்லிக் குளிர் இல்லாமல் தனக்குத் தூக்கம் வராது, என்றாவது திரும்பி வருவேன் என்பார். அதனால் எங்களை உள்வாடகைக்கு வைத்துவிட்டுப் போனார். அப்போது எங்கள் மகள் தத்தித் தத்தி நடக்கிற குழந்தை.

போவதற்கு முன் வீட்டுக்காரப் பெரியவரிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கி வைத்திருந்தார். நாங்கள் குடிவந்ததும், இன்னாரை உள்வாடகைக்கு வைத்திருக்கிறேன் என்று அவரே வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸும் அனுப்பினார். ஒரே சுவருக்குள் இருக்கிறவருக்குத் தபாலா என்று நான் சிரித்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"எல்லாம் எழுத்துல இருக்கணும்மா. மனுசன் இன்னைக்கு இருப்பான், நாளைக்கு இருக்க மாட்டான். சொல்லுதேன்லா, பத்திரமா வச்சுக்கோங்க" என்று அந்தச் சம்மதக் கடிதத்தையும் நோட்டீஸுக்கு வந்த தபால் அட்டையையும் என் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார்.

பெரியவர் பஞ்சாபி. நாங்கள் வந்தபோது கைத்தடியோடு முற்றத்தில் நடந்துகொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார், பார்த்தால் தலையசைப்பார். அவருடைய மனைவியை நாங்கள் மாதாஜி என்போம். அவரும் கலகலப்பானவர் இல்லை. ஆனால் குளிர்காலத்து மத்தியானங்களில் மொட்டைமாடிக்கு வந்து கட்டிலைப் போட்டு உட்கார்ந்து பட்டாணி உரிப்பார். நானும் ஒரு ஓரத்தில் பாயை விரித்து, ஒரு பதிப்பகத்துக்காக வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்த பிழைதிருத்தும் வேலையைப் பார்ப்பேன். மணிக்கணக்கில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருவரும் வெயிலில் ஊறிக்கிடப்போம். தூரத்தில் பழைய துணிக்குப் பாத்திரம் விற்பவரின் குரல் தெருவுக்குத் தெரு நகர்ந்து தேயும். கண் சொருகும். விழிக்கும்போது வெயில் இடம் மாறியிருக்கும், மாதாஜி கீழே போயிருப்பார். என் பாயின் ஓரத்தில் ஒரு கைப்பிடி பட்டாணி இருக்கும்.

வருடங்கள் அப்படியே போயின. பெரியவர் ஒரு கோடையில் காலமானார். அதன் பிறகு அவருடைய மகன் அடிக்கடி வர ஆரம்பித்தார். ஒரே பிள்ளை. குருகிராமில் வேலை, குடும்பம். வீட்டை இடித்துப் புதிதாகத் தளம் தளமாகக் கட்ட வேண்டும், அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஊரில் இருந்த அண்ணாச்சி மீது வழக்குப் போட்டார். சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டுவிட்டார் என்பது வழக்கு. அதில் மாதாஜியின் பெயரும் மனுதாரராக இருந்தது. எங்களைக் கட்சியாகச் சேர்க்கவில்லை. சம்மன் நாகர்கோவிலுக்குப் போனபோது அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். யாரும் ஆஜராகாமலே உத்தரவு ஆகிவிட்டது. சில வாரங்களில் அண்ணாச்சி காலமாகிவிட்டார். துக்கம் விசாரிக்க ஊருக்குப் போய் வந்த எங்களுக்கு வழக்கு என்று ஒன்று இருந்ததே தெரியாது.

அமீனா வந்து நின்ற அந்தக் காலையில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. அலமாரியைத் திறந்து அண்ணாச்சி கொடுத்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அமீனா படித்தார். படியில் நின்றிருந்த மாதாஜியின் மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, உள்ளே இருப்பவர்கள் தங்களுக்கென்று தனி உரிமை இருப்பதாகச் சொல்லி ஆட்சேபிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு, சீக்கிரம் வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பூட்டு உடைக்கிறவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாகப் போனார். கதவைச் சாத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"மம்மி, இது நம்ம வீடு இல்லையா?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு நினைவு தெரிந்ததிலிருந்து வேறு வீடே தெரியாது.

மயூர் விஹாரில் இருக்கும் ஒரு தோழி மூலமாக ஒரு வக்கீல் கிடைத்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். என் மகளைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவராக இருக்கலாம். தமிழ் தடுமாறும், ஆனால் சட்டம் தண்ணீர்பட்ட பாடு. கடிதத்தையும், நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான தபால் அட்டையையும் மேஜையில் வைத்துப் பார்த்தார்.

"ஆன்ட்டி, டென்ஷன் எடுத்துக்காதீங்க. மூல வாடகைதாரர் போகணும்னு ஆர்டர் வந்தா உள்ள இருக்கறவங்களும் போகணும், அதான் ரூல். ஆனா வீட்டுக்காரர் முன்னாடியே எழுதிக் கொடுத்து, அப்புறம் முறைப்படி நோட்டீஸும் போயிருந்தா, நீங்க லீகல் உள்வாடகைதாரர். அவர் போனாலும் நீங்க போக வேண்டாம். நேரா வாடகைதாரர் ஆயிடுவீங்க. அச்சா, ஒண்ணுதான். இத நாமதான் நிரூபிக்கணும்."

தீஸ் ஹஜாரி நீதிமன்றத்தில் ஆட்சேபணை மனு போட்டோம். விசாரணை முடியும்வரை எங்களை வெளியேற்றத் தடை கிடைத்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அது கொஞ்ச நாளைக்குத்தான்.

நோட்டீஸ் வந்ததை மகன் தரப்பு மறுக்கவில்லை. ஆனால் சம்மதக் கடிதத்தில் இருப்பது அப்பாவின் கையெழுத்தே இல்லை, போலி என்றார்கள். பெரியவர் வங்கியில் போட்டிருந்த கையெழுத்துகளைக் கொண்டுவந்து தாக்கல் செய்தார்கள். பிரதிகளை வக்கீல் எனக்குக் காட்டினார். வங்கிக் கையெழுத்து அழகானது. ஒரே இழுப்பில் எழுதி, கடைசி எழுத்தின் வால் பின்னால் ஓடிவந்து முதல் எழுத்தைத் தொடும். எங்கள் கடிதத்தில் இருந்ததோ, எழுத்துப் பழகும் குழந்தை எழுதியதைப் போலக் கோணல்மாணலாக, எழுத்துக்கு எழுத்து விட்டு விட்டு, கோட்டை விட்டுச் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

எழுத்தைப் பார்ப்பதே என் தொழில். ஒரு புள்ளி மாறியிருந்தால் என் கண் அங்கே போய் நிற்கும். இத்தனை வருடமும் அந்தக் கடிதத்தை ஒருமுறைகூடக் கூர்ந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது பார்த்தால், என் கண்ணே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. இரண்டும் ஒரே கை இல்லை.

அப்படியானால் அண்ணாச்சி? எங்களுக்கு வீடு கொடுத்த மனிதர், எங்கள் குழந்தையை மடியில் வைத்துச் சோறு ஊட்டியவர். எங்களுக்காகவே அவரே போட்டுவிட்டாரோ? அவர் உயிரோடு இருந்தால் கேட்டிருக்கலாம். பெரியவர் இருந்தாலும் கேட்டிருக்கலாம். இருவரும் இல்லை. என் கணவரிடம் இதைச் சொன்னபோது கோபப்பட்டார். "அவிய அப்படிச் செய்ய மாட்டாவ. நீ பேசாம இரு" என்றார். ஆனால் அவர் குரலிலும் உறுதி இல்லை.

அந்த நாட்களை நினைத்தால் எல்லாம் ஒரு மூட்டத்துக்குள் நடந்ததுபோலத்தான் இருக்கிறது. வாய்தாவுக்குப் போவேன். நீதிமன்றத்தின் நீண்ட வராந்தாக்களில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கறுப்புக் கோட்டுகள் மீன்கூட்டம் மாதிரி ஒரு பக்கம் திரண்டு போகும், திரும்பி வரும். பெயர் கூப்பிடுவார்கள், இன்னொரு தேதி சொல்வார்கள். வீட்டுக்கு வந்தால் வீடே கொஞ்சம் தளர்ந்து தரையிலிருந்து எழும்பி நிற்பதுபோலத் தோன்றும். மத்தியானம் கண்ணயர்ந்தால், இரண்டு அறைகளும் மொட்டைமாடியும் மெதுவாகக் கீழ்வீட்டைவிட்டுக் கழன்று, பக்கத்து மொட்டைமாடிகளுக்கு மேல் பட்டங்களோடு பட்டமாக மிதந்து போகும். துணிக்கொடியில் என் புடவை பறந்துகொண்டிருக்கும். எனக்குப் பயமே இருக்காது. விழித்ததும்தான் பயம் வந்து பக்கத்தில் உட்காரும்.

மாதாஜி மொட்டைமாடிக்கு வருவதை நிறுத்திவிட்டார். மகன் சொல்லியிருப்பார். கம்பிச் சட்டத்தின் வழியாகச் சில சமயம் அவரைப் பார்ப்பேன். முற்றத்தில் வெயில் விழுந்த இடத்தில் பிரம்பு முக்காலியான மோடாவைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வெயில் நகர நகர அவரும் மோடாவை நகர்த்திக்கொள்வார். வெள்ளைத் துப்பட்டாவும் வெயில் கோடுகளும் ஒன்றாகக் கலந்து, தண்ணீருக்கு அடியில் யாரோ இருப்பதுபோல் இருக்கும். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் சட்டென்று விலகிவிட்டேன். ஏன் விலகினேன் என்று எனக்கே தெரியவில்லை.

என் சாட்சியம் வந்தது. மகனுடைய வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். மரியாதையாகத்தான் கேட்டார். இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா? இல்லை. அப்போது டெல்லியிலாவது இருந்தீர்களா? இல்லை, நாங்கள் பிறகுதான் வந்தோம். அவர் கையெழுத்துப் போட்டதை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை, யாரோ சொன்னதுதான் உங்களுக்குத் தெரியும், சரிதானே? சரிதான் என்றேன். தட்டச்சு செய்பவரின் விரல்கள் அதை அடித்து முடித்தன. என் வீடு அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் வக்கீல் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். உண்மையைச் சொன்னீர்கள், அது போதும் என்று தேற்றினார். ஆனால் அவர் முகத்திலும் ஒளி இல்லை. அடுத்து மகன் தரப்புச் சாட்சி, அவருடைய அம்மாவையே கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். அது தன் கணவரின் கையெழுத்து அல்ல என்று மாதாஜி ஏற்கெனவே அபிடவிட் கொடுத்துவிட்டாராம். மனைவியே சொன்ன பிறகு வேறென்ன இருக்கிறது? அந்த வாரம் நான் பாத்திரங்களை எடுத்துப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தேன்.

மாதாஜி சாட்சி சொல்ல வந்த நாள் பிப்ரவரியின் கடைசி. குளிர் விட்டுக்கொண்டிருந்தது. மகன் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்தப் பிடியில் உண்மையான அக்கறை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மாதாஜி என் பக்கம் பார்க்கவில்லை. சத்தியம் செய்யச் சொன்னபோது தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு செய்தார். நீதிபதி ஒரு நடுவயதுப் பெண்மணி. மாதாஜி நிற்கச் சிரமப்படுவதைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னார்.

எங்கள் வக்கீல் இந்தியில் அவரை விசாரித்தார். மிரட்டுகிற மாதிரி எதுவும் கேட்கவில்லை. கடிதத்தை அவர் கையில் கொடுக்க அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். மாதாஜி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அதை எதிரிலிருந்த மரச்சட்டத்தின் மேல் வைத்தார். இரண்டு கைகளாலும் அதன் மேல் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மின்விசிறிகூடச் சுற்றவில்லை, காகிதம் பறக்க வழியில்லை. ஆனாலும் அது நழுவிவிடும் என்பதுபோல அப்படிப் பிடித்திருந்தார். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் தூசி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

"யே இன்கா ஹீ ஹை" என்றார் மாதாஜி.

இது அவருடையதுதான். அவ்வளவுதான் சொன்னார். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று வக்கீலைப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

மகனுடைய வக்கீல் எழுந்தார். வயதானவர், நினைவு தவறுகிறது, வங்கிக் கையெழுத்தைப் பார்க்கட்டும் என்றார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு மாதாஜியிடம் நேராகவே கேட்டார். இரண்டு கையெழுத்தும் வேறு வேறாக இருக்கிறதே, எப்படி என்று.

மாதாஜி இந்தியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "அப்போ பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலேருந்து வந்த புதுசு. வலது கை வேலை செய்யல. இடது கையாலதான் போட்டார். காகிதம் நழுவிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் இப்படிப் புடிச்சுக்கிட்டேன்."

பிறகு வலது கை மெல்லத் திரும்பியது, வங்கிக்கெல்லாம் பழையபடி போட்டார் என்றும் சொன்னார். அப்படியானால் அபிடவிட்டில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று நீதிபதி கேட்டார். அது இங்கிலீஷில் இருந்தது, மகன் போடச் சொன்னான், போட்டேன், யாரும் படித்துக் காட்டவில்லை, இந்தக் காகிதத்தையும் யாரும் என் கண்ணில் காட்டவில்லை என்றார். நீதிபதி ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, தட்டச்சு ஓடியது. நான் மகனைப் பார்த்தேன். அவர் தன் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் மாதாஜி தனியாக நின்றிருந்தார். மகன் வக்கீலோடு பேசிக்கொண்டே வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார். திரும்பி வருவார் என்று நானும் சற்றுத் தள்ளி நின்று காத்திருந்தேன். வரவில்லை. மாதாஜி படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தார். நான் பக்கத்தில் போய் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். என் தோளில் கை வைத்துக்கொண்டு இறங்கினார்.

ஆட்டோவில் ஏறினோம். வெயில் மஞ்சளாக இருந்தது. சாலையோரத்து இலவ மரங்கள் இலையில்லாமல் சிவப்புப் பூக்களோடு நின்றன. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உனக்காகச் சொல்லல மகளே" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். பக்கவாதம் வந்ததிலிருந்து பெரியவர் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாராம். இனி தன் பெயரைக்கூட எழுத முடியாதே என்று ஒருநாள் அழுதாராம். அண்ணாச்சி அந்தச் சமயத்தில்தான் சம்மதம் கேட்டுக் கீழே வந்திருக்கிறார். கைநாட்டு வைத்தால் போதும், அல்லது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி சொல்ல, பெரியவர் பிடிவாதமாகப் பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டாராம். வேறு காகிதத்தில் கிறுக்கிக் கிறுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் கடிதத்தில் போட்டாராம். நோய் வந்த பிறகு அவர் எழுதிய முதல் எழுத்து அதுதான். போட்டு முடித்ததும் சிரித்திருக்கிறார். ஜிலேபி வாங்கி வரச் சொன்னாராம். அண்ணாச்சி ஓடிப்போய் வாங்கி வந்தார், மூன்று பேரும் சூடாகச் சாப்பிட்டோம் என்றார் மாதாஜி.

"அத அவரோடது இல்லன்னு நான் எப்படிச் சொல்வேன்?"

கண்ணை மூடிக்கொண்டார். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அவர் தோள் என் தோளில் வந்து இடித்தது. எனக்கு அண்ணாச்சியின் நினைவு வந்தது. ஜிலேபிப் பொட்டலத்தோடு அவர் அந்தத் தெருவில் வேகவேகமாக நடந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தது. அவரைச் சந்தேகப்பட்ட மனதோடு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

உத்தரவு கோடையில் வந்தது. நாங்கள் முறையான உள்வாடகைதாரர்கள், அண்ணாச்சிக்கு எதிரான உத்தரவு எங்களைக் கட்டுப்படுத்தாது, இனி நேரடியாக இந்த வீட்டின் வாடகைதாரர்கள் என்று நீதிபதி எழுதியிருந்தார். வக்கீல் ஃபோனில் படித்துக் காட்டினார். மகள் பரீட்சையெல்லாம் முடிந்து, பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்த நேரம். எழுப்பிச் சொன்னேன். "அச்சா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினாள். செய்தித்தாளில் சுற்றியிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அலமாரியில் வைத்தேன்.

ஆனால் எனக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை. அன்றிலிருந்து மகன் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. ஃபோனில் பேசுவதாகவும் தெரியவில்லை. கீழே மாதாஜி ஒருவர் மட்டும். நான் குழம்போ கூட்டோ கொண்டு போனால் வாங்கிக்கொள்வார், உட்காரச் சொல்ல மாட்டார். அவர் இழந்ததன் மேல்தான் என் அடுப்பு எரிகிறது என்று சில மத்தியானங்களில் தோன்றும். ஒருமுறை இதை அவரிடமே சொல்லிவிட்டேன். "என் புள்ளைதான், எங்க போயிடுவான்" என்றார்.

அப்படியேதான் ஆனது. மறுபடி குளிர் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே மகனுடைய குரல் கேட்டது. அம்மாவும் பிள்ளையும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் அவர் மாடிப்படி ஏறி வந்தார். வாசலிலேயே நின்றார். தாடி நரைத்திருந்தது.

"அப்பாவுக்கு முடியாம இருந்தப்ப நான் வெளிநாட்டுல இருந்தேன். அவர் இடது கையால எழுதினது எனக்குத் தெரியாது. நான் நெஜமாவே அத போலின்னு நெனச்சேன்" என்றார் இந்தியில். சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார். "அந்தக் காகிதம் உங்ககிட்ட இருக்கா? ஒரு தடவ பாக்கலாமா?"

மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, வக்கீல் விண்ணப்பித்து அதைத் திரும்ப வாங்கிக் கொடுத்திருந்தார். எடுத்துக் கொண்டுவந்தேன். அவர் மொட்டைமாடியில் வெயில் விழுகிற இடத்துக்குப் போய் நின்று பார்த்தார். விரலால் அந்தக் கோணல் எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை, தொடாமல், ஒரு நூலிடை மேலாகத் தடவிக்கொண்டு போனார். பிறகு ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். காகிதத்தை இரண்டு கைகளாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நமஸ்தே சொல்லிவிட்டு இறங்கினார். கீழே போனவர் அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டியிருக்க வேண்டும். மாதாஜி ஏதோ சொல்ல, அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சிரிப்பு நின்று, வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

வழக்கில் இருந்த அத்தனை நாளும் நானும் அவரும் எதிரெதிர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆனால் அந்தக் கையெழுத்து போலி என்று இருவரும் ஒரே தப்பைத்தான் நினைத்தோம். அவர் கோர்ட்டில் சொன்னார், நான் வீட்டுக்குள் சொன்னேன். இப்போதெல்லாம் யாரோ செய்ததைப் பொய் என்று முடிவுகட்ட மனம் அவசரப்படும்போது, எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பகல் அதற்குப் பின்னால் இருக்கக்கூடும் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.